வெள்ளாற்றுப் பாலத்தில் கட் ஆன பேச்சு

கடலூரில் விடிந்த முதல் நாளே ஈவாவைப் பார்த்தவர்கள் எல்லாரும் "சாப்டாச்சா?" என்று கேட்டுவிட்டார்கள். விடுதிக் காவலாளி கேட்டார், துணி தேய்ப்பவர் கேட்டார், மஞ்சக்குப்பம் முனையில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் கேட்டார். ஈவா ஒவ்வொருவரிடமும் நின்று, தான் எத்தனை இட்லி சாப்பிட்டேன், எந்தச் சட்னி காரம் என்று முழு விவரம் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். பூக்கார அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காரமா இருந்தா தயிரு கேட்டு வாங்கிக்கணும்" என்று தீர்ப்புச் சொன்னார். அறைக்குத் திரும்பும்போது ஈவா தாழ்ந்த குரலில், "என்னைப் பார்த்தால் பட்டினி கிடப்பவள் மாதிரியா இருக்கிறது?" என்று கேட்டார்.

ஈவா பின்லாந்துக்காரர், என் மேலதிகாரி. அவர் நாட்டில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டால், அவர் படியிறங்கிப் போகும்வரை நாம் உள்ளேயே காத்திருந்துவிட்டு அப்புறம் வெளியே வருவதுதான் மரியாதை. ஈரோட்டிலிருந்து போன எனக்கு அது பழகவே ரொம்ப நாள் ஆயிற்று. அப்படிப்பட்ட நாட்டில் பிறந்தவர் வருடக்கணக்காக உட்கார்ந்து ஆராய்ந்த விஷயமோ, அக்கம்பக்கத்தாரைத் தெரிந்துகொள்வது எப்படி என்பது.

மனிதர்கள் அல்ல, செல்போன் கோபுரங்கள். நாம் பேசிக்கொண்டே வண்டியில் போகும்போது ஒரு கோபுரம் நம் அழைப்பை அடுத்த கோபுரத்திடம் ஒப்படைக்க வேண்டும். அடுத்தவர் யார் என்று அதற்குத் தெரியாவிட்டால் பேச்சு நடுவிலேயே அறுந்துவிடும். அதனால் யாராவது ஒரு பொறியாளர் அலுவலகத்தில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, இதற்கு இது அண்டை, அதற்கு அது அண்டை என்று தட்டிக்கொண்டே இருப்பார். புதிதாக ஒரு கோபுரம் முளைத்தால் மறுபடி முதலிலிருந்து. ஈவா கேட்ட கேள்வி எளிமையானது. போகிற வருகிற போன்கள் எல்லாம் 'இங்கே இன்னொரு கோபுரமும் எனக்குக் கேட்கிறது' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டுதானே இருக்கின்றன? கோபுரமே அதைக் கேட்டுத் தன் அண்டை வீட்டாரைத் தானே தெரிந்துகொண்டால் என்ன?

பின்லாந்தில் பனிக்காட்டுச் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். ஓர் அழைப்பும் அறுபடவில்லை. "மரமும் மானும் இருக்கிற ஊரில் எதுவும் ஓடும். ஜனம் இருக்கிற ஊரில் ஓட்டிக் காட்டுங்கள்" என்றார்கள் எங்கள் மேலிடத்தார். ஒரு நெட்வொர்க் நிறுவனம் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குத் தெற்கே உள்ள கடற்கரைவரை இருக்கும் தன் கோபுரங்களில் எங்கள் முறையைப் போட்டுப் பார்க்க இசைந்தது. வாரக் கடைசியில் சென்னையிலிருந்து அதன் அதிகாரி வருவார். அவர் முன்னால் அழைப்பு அறுபடாமல் இருந்தால் திட்டம் தொடரும். அறுந்தால் ஈவாவின் குழுவைக் கலைத்துவிடுவார்கள். நானும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஈரோடு திரும்ப வேண்டியதுதான். 2009 கோடையில், அக்னி நட்சத்திர வெயிலில், நாங்கள் கடலூரில் வந்து நின்ற கதை இதுதான்.

எங்களுக்கு வாடகைக் கார் ஓட்ட வந்தவர் அந்தோணி. கடலூர் ஓ.டி. எனப்படும் பழைய டவுன்காரர். நாற்பதை நெருங்கும் வயது, சட்டைப் பையில் சீப்பு, நெற்றியில் எப்போதும் ஒரு கர்ச்சீப். கண்ணாடிக்கு அடியில் நாங்கள் போன்களை வரிசையாக ஒட்டி, கூரைமேல் காந்தம் வைத்த ஆண்டெனாவைப் பொருத்தி, பின்சீட்டில் லேப்டாப்பை விரித்ததைப் பார்த்துவிட்டு, "இத பாத்தா இன்கம்டேக்ஸ் ரெய்டுன்னு நெனச்சிக்குவாங்க மேடம். நல்லதுதான், எவனும் ஓரத்துல வந்து இடிக்க மாட்டான்" என்றார்.

சோதனைக்கு ஒரு முனையில் நான், காரில். மறுமுனையில் ஈவா, விடுதி அறையில். இருவரும் நிறுத்தாமல் பேச வேண்டும். பேச்சு நின்றால் போன் சோம்பேறியாகி அலையைக் குறைத்துக்கொள்ளும், அளவு சரியாக வராது. பதிவு செய்த குரலை ஓடவிடலாம்தான். ஆனால் எந்த இடத்தில் எந்தச் சொல் விழுங்கப்படுகிறது என்பது மனிதக் காதுக்குத்தான் தெரியும் என்று ஈவாவுக்குப் பிடிவாதம்.

அந்தப் பிடிவாதத்துக்கும் அவர் சுபாவத்துக்கும் ஒத்துப்போகவில்லை. வெயில் அதிகம் என்றார். மின்விசிறி ஓடுகிறது என்றார். மின்விசிறி நின்றுவிட்டது என்றார். கார் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் ஒரு மனித வாழ்க்கையில் பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்துவிட்டார். நீண்ட அமைதிக்குப் பிறகு, "சுவரில் ஒரு பல்லி இருக்கிறது" என்றார். புதுச்சத்திரம் வந்தது. "அது இன்னும் அங்கேயே இருக்கிறது."

அத்தோடு அன்றைய சோதனை முடிந்தது. காரணம் ஈவா அல்ல. லேப்டாப்புக்குக் கரண்டு எடுத்த இடத்தில் புகை வந்து ஃபியூஸ் போயிற்று. அந்தக் காரில் ஹாரனுக்கும் அதே ஃபியூஸ்தானாம். அந்தோணி ஸ்டியரிங்கை அமுக்கினார், சத்தம் வரவில்லை. மறுபடி அமுக்கினார். முகம் வெளுத்துவிட்டது.

"என்ன அண்ணா, மெதுவாப் போனா போச்சு" என்றேன்.

"ஹாரன் இல்லாம எப்படி மேடம் ஓட்டறது? பிரேக் இல்லன்னாகூட சமாளிச்சிடலாம்."

திரும்பும் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஓரம்! ஓரம்! ஆட்டுக்காரரே, ஓரம்!" என்று கத்திக்கொண்டே வந்தார். டீக்கடைகளில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஓ.டி.யில் மெக்கானிக்கிடம் காரை விடும்போது அவருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

மறுநாள் காலை கார் இல்லாததால் பஸ் ஏறினோம். ஈவாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நெட்வொர்க் நிறுவனத்தின் கடலூர் அலுவலகத்து ஊழியர் ஒருவரிடம் போனில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல் ஈரோட்டு மஞ்சள் மண்டியைப் பற்றியெல்லாம் சொன்னேன். முன்சீட்டு அம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "யாருகிட்டம்மா இவ்ளோ நேரமா? வெச்சிடும்மா, பாவம், அந்தப் புள்ளைக்கும் வேல இருக்கும்ல?" பிறகு மடியில் இருந்த குழந்தையை எதுவும் கேட்காமல் ஈவாவின் மடியில் வைத்துவிட்டு முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். ஈவா மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார். அவர் ஊர் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் கைப்பை வைப்பதுகூட அத்துமீறல். குழந்தை அவருடைய வெள்ளை முடியை இழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே தூங்கிப்போயிற்று.

சிதம்பரத்துக்குச் சற்று முன்னால் வரும் வெள்ளாற்றுப் பாலம் உட்பட எந்த இடத்திலும் அழைப்பு அறுபடவில்லை. ஈவா முகத்தில் பின்லாந்து அளவில் ஒரு புன்னகை வந்தது.

சிதம்பரத்தில் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டோம். கத்திரிக்காய் கரைந்து, புளியும் கொத்துமல்லி வாசமுமாக எண்ணெய் மிதக்க அது வந்தபோது ஈவா சந்தேகமாகத்தான் பார்த்தார். பிறகு கிண்ணத்தை இரண்டு முறை நிரப்பச் சொன்னார். மூன்றாம் முறை பரிமாறுபவரே வாளியோடு வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்.

மதியத்துக்கு மேல் அந்தோணி காரோடு வந்துவிட்டதாகப் போன் செய்தார். கடைத்தெருவுக்கு வரச் சொன்னேன். "நான் அந்தத் தெருவுக்குள்ள வர மாட்டேன் மேடம். நீங்க சிரமம் பாக்காம பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து வந்துடுங்க" என்றார். ஒருவழிப் பாதை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது சோதனைக்குப் பேச ஆள் வேண்டும். ஈவாவும் காரில் இருந்தார், விடுதியில் இருந்திருந்தாலும் பயனில்லை. அந்தோணியே வழி சொன்னார். "எம் வீட்டுக்காரிய போட்டு வுடுங்க மேடம். ரீட்டா பேச ஆரம்பிச்சா ஒங்க மெஷினு சூடாயிடும்."

அது முழு உண்மை. ஸ்பீக்கரில் ரீட்டாவின் குரல் சிதம்பரத்தை விட்டுக் கிளம்பும்போதே கிளம்பிவிட்டது. "கேக்குதாங்க? மீன்காரி வந்தா, சங்கரா வெச்சிருந்தா, கண்ணே சரியில்ல, வேணாம்னுட்டேன். பக்கத்து வூட்டு மோட்டாரு ஓடலியாம், நம்ம வூட்டுலதான் தண்ணி புடிக்கிறாங்க. வெயிலு ஜாஸ்தியா இருக்கு, நீங்க மோரு குடிச்சீங்களா?" ஒரு சொல்லும் கெடவில்லை. ஈவா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ரீட்டாவைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ள முடியுமா என்று என் காதில் கேட்டார்.

கார் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியது. வெயில் தாழ்ந்து, காற்று வேர்த்துப்போய்க் கிடந்தது. ரீட்டா சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "ஏங்க, சிதம்பரம் வரைக்கும் போயிட்டு வரீங்களே, தம்பிய ஒரு எட்டுப் போயி..."

பாலம் இறங்கியது. பேச்சு அறுந்துவிட்டது.

லேப்டாப்பில் சிவப்புக் கோடு விழுந்தது. நான் அவசரமாகத் திரும்ப அழைத்தேன். எடுத்ததும் ரீட்டா பொரிந்தார். "கட் பண்ணிட்டீங்கள்ல? எந்தம்பி பேர எடுத்தாலே கட் பண்ணுவீங்க. அவன் சொன்னது சரியாத்தான் போச்சு!"

அந்தோணி சாலையையே பார்த்து ஓட்டினார். நான் குறுக்கிட்டேன். "அக்கா, நான் இன்ஜினியர் பேசறேன். பின்னாடிதான் உக்காந்திருக்கேன். அண்ணன் கை ரெண்டும் ஸ்டியரிங்லதான் இருந்துது. யாரும் கட் பண்ணலக்கா. கட் ஆயிருச்சு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இதுவும் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு ரீட்டா கேட்டார். "எந்த எடத்துல?"

"வெள்ளாத்துப் பாலத்துல."

"அன்னைக்கும் அவரு பாலத்துலதான் வந்துட்டிருந்தாரு" என்றார் ரீட்டா, மெல்ல.

அந்தோணி காரை ஓரம் கட்டினார். கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தபடி சொன்னார். ரீட்டாவின் தம்பி சேவியர் சிதம்பரம் கடைத்தெருவில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறான். மாமா மாமா என்று அந்தோணியின் முதுகிலேயே வளர்ந்தவன். போன கோடையில் ஒரு சாயங்காலம், அந்தோணி இதே பாலத்தில் வரும்போது போன் செய்தான். "மாமா, ஒரு பொண்ணு..." என்று ஆரம்பித்தான், அவ்வளவுதான். அப்புறம் பேச்சில்லை. கொஞ்ச நாளில் காடாம்புலியூர்ப் பக்கத்து முந்திரித்தோப்புக்காரர் வீட்டுப் பெண்ணை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டான் என்று ஊரார் வந்து சொன்னார்கள். மாமாவுக்குச் சொல்லவில்லை.

"வேற சாதி, வேற சாமின்னு நான் ஏதாவது சொல்லப் போறனா மேடம்? எங்கிட்ட சொல்லாம செஞ்சிட்டான், அதான். அவனக் கேட்டா நான் போன வெச்சிட்டேன்றானாம். பொண்ணுன்னு சொன்ன ஒடனே மாமா மூஞ்சில அடிச்ச மாதிரி கட் பண்ணிட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கான்."

ஈவா என்ன நடக்கிறது என்று கேட்டார். சொன்னேன். கட் ஆவதற்கும் கட் பண்ணுவதற்கும் உள்ள வித்தியாசத்தையும் சொன்னேன். "ஒன்று நம் தொழிலின் குற்றம், மற்றது மனிதனின் குற்றம். சரியா?" என்றார். சரி என்றேன். "அந்தப் பாலத்துக்குத் திரும்பிப் போகச் சொல்" என்றார்.

இருட்டும்வரை பாலத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்தோம். ஒவ்வொரு முறையும் வடகரையில் இருக்கும் பி.முட்லூர் பக்கம் இறங்கும்போது அழைப்பு விழுந்தது. அந்தக் காலத்துப் போன்களில் திரையின் மூலையில் எந்த ஊர்க் கோபுரத்தில் இருக்கிறோம் என்று பெயர் காட்டும். பாலத்தின் நடுவில் நான் அதைப் பார்த்தேன். சிதம்பரமும் இல்லை, முட்லூரும் இல்லை. பழையாறு என்று இருந்தது.

பழையாறு என்பது, கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்துக்கும் தெற்கே இருக்கும் மீன்பிடித் துறைமுகம். அங்கிருக்கும் கோபுரத்துக்கு இங்கே என்ன வேலை?

ஈவா காரை விட்டு இறங்கி, பாலத்தின் கிழக்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காற்றில் கையை நீட்டி விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். "சூப் மாதிரி இருக்கிறது" என்றார். அப்புறம், "ஓ!" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்து நான் கேட்டதில்லை.

பகலெல்லாம் காய்ந்த கரையின்மேல் மாலையில் கடலின் ஈரக்காற்று தாழப் படரும்போது, அந்த அடுக்குக்குள் மாட்டிக்கொண்ட ரேடியோ அலை மேலே போய்த் தொலையாமல் கடலை ஒட்டியே வெகுதூரம் வழுக்கிக்கொண்டு வரும். பழையாற்றுக் கோபுரம் அப்படித்தான் பாலத்தின்மேல் வந்து பலமாகக் கேட்டது. சிதம்பரத்துக்கு அது தெரிந்த அண்டைதான், அதனால் போன் ஆசையாக அதைப் பிடித்துக்கொண்டது. பாலம் இறங்கியதும் அது மறைந்தது. முட்லூரிடம் ஒப்படைக்க வேண்டும். ஆனால் பழையாற்றுக்கு முட்லூர் என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது. காலையில் அந்தக் காற்று இல்லை, அதனால் பஸ்ஸில் ஒன்றும் ஆகவில்லை.

"நம் முறை அதைக் கற்றுக்கொண்டிருக்க வேண்டுமே" என்றேன்.

"கற்றுக்கொண்டிருக்கும். இவ்வளவு தூரத்தில் இருப்பது அண்டை வீடாக இருக்காது, நம்பாதே என்று நான்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்." பின்லாந்துக்காரர் வேறு எப்படிச் சொல்லிக்கொடுப்பார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அடுத்த நாள் ஈவா அறையிலேயே உட்கார்ந்து அந்தத் தூரக் கணக்கைத் திருத்தினார். தூரத்தை வைத்து நம்பாதே, எத்தனை போன்கள் சொல்கின்றன என்பதை வைத்து நம்பு என்று மாற்றினார். கரண்டு போகும்போதெல்லாம் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு வேலை செய்தார். மதியம் கதவு தட்டப்பட்டது. ரீட்டா, கையில் தூக்குச்சட்டியோடு. இறால் தொக்கு.

"சாப்டுங்க மொதல்ல. சாப்டுட்டு நீங்க ரெண்டு பேரும் எங்கூட வந்து எந்தம்பிகிட்ட இந்தப் பாலத்துக் கதையச் சொல்லணும். நான் சொன்னா புருசனுக்குப் பரிஞ்சிக்கினு பேசறேன்னுவான். வெள்ளக்காரம்மா சொன்னா நம்புவான்."

அறிவியலுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்று ஈவாவுக்கு மொழிபெயர்த்தேன். இறாலைத் தின்றுகொண்டே தலையாட்டினார்.

சேவியரின் கடை ஓர் ஆள் திரும்பினால் மற்றவர் நகர வேண்டிய அகலம். ரீசார்ஜ் அட்டைகளும் போன் உறைகளும் தோரணமாகத் தொங்கின. அக்காவைப் பார்த்து எழுந்த சேவியர், பின்னால் தெருவில் நின்ற அந்தோணியைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துகொண்டான். அந்தோணி எதிர்க்கடை விளம்பரப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்.

நான் கடல்காற்று, பழையாறு, முட்லூர் எல்லாவற்றையும் சொன்னேன். ஈவா பக்கத்தில் நின்று, நான் சரியாகச் சொல்கிறேன் என்பதுபோலத் தலையசைத்தார். கவுண்ட்டரில் ஒருவர் ரீசார்ஜுக்கு வந்தவர், போகாமல் நின்று கேட்டார்.

சேவியர் எல்லாம் கேட்டான். "சரி மேடம், கட் ஆச்சுன்னே வெச்சிக்குவோம். கட் ஆனா திருப்பி அடிக்கணும்னு மாமாவுக்குத் தெரியாதா?"

தெருவிலிருந்து பதில் வந்தது. "நான் அடிக்கலயாடா? பாலத்து எறக்கத்துல வண்டிய நிறுத்திட்டு அடிச்சி அடிச்சிப் பாத்தேன். பிஸி பிஸின்னு வந்துச்சு. மாமன்கிட்ட பாதியில வுட்டுட்டு யாருகிட்டடா பேசிட்டிருந்த?"

"நானா?" சேவியர் எழுந்துவிட்டான். "நான் யாருகிட்ட பேசறேன்? ஒங்களுக்குத்தான் அடிச்சிட்டிருந்தேன். ஒங்க லைன்தான் பிஸியா இருந்துச்சு. வீட்டுக்குப் போனப் போட்டு அக்காகிட்ட என்னத் திட்டறீங்கன்னு நெனச்சிட்டேன்."

ரீசார்ஜுக்கு வந்தவர்தான் சொன்னார். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அடிச்சா ரெண்டு பேருக்கும் பிஸிதாங்க வரும். எங்க வூட்ல தெனம் நடக்குது."

நான் ஈவாவுக்குச் சொன்னேன். அவர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தோணி மெல்லப் படியேறி உள்ளே வந்தார். தொங்கிய போன் உறைகள் தலையில் இடித்தன. "எனக்குக் கேட்டது 'மாமா, ஒரு பொண்ணு' வரைக்கும்தான்டா. அப்புறம் என்ன சொன்ன?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு மாமா?"

"சொல்லு."

சேவியர் கவுண்ட்டர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான். அழுக்கே இல்லாத கண்ணாடி. "ஒரு பொண்ண புடிச்சிருக்கு மாமா, அவுங்க வூட்ல ஒத்துக்க மாட்டாங்க, நம்ம வூட்லயும் கஷ்டம், நீங்கதான் முன்ன நின்னு நடத்தி வெக்கணும்னு சொன்னேன். சொல்லி முடிச்சிட்டுப் பாத்தா நீங்க இல்ல."

அந்தோணி கொஞ்ச நேரம் யோசித்தார், நிஜமாகவே முடிவெடுக்க வேண்டியவர்போல.

"சரிடா. நடத்திடுவோம்" என்றார்.

"கல்யாணம் முடிஞ்சே ரொம்ப நாளாச்சு மாமா."

"அது தெரியும். நீ கேட்டதுக்குப் பதில் சொல்லணும்ல."

ரீட்டா சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறாக மாறி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். சேவியர் கடையை அப்படியே விட்டுவிட்டு அக்காவின் பின்னால் போனான். ரீசார்ஜுக்கு வந்தவர் தன் வேலை இப்போதைக்கு ஆகாது என்று தெரிந்தும் கிளம்பவில்லை.

கடைக்குப் பின்புறம்தான் வீடு. சேவியரின் மனைவி கலைச்செல்வி, அம்மா வீட்டிலிருந்து யாருக்கும் தெரியாமல் அவள் அண்ணன் கொண்டுவந்து போட்டிருந்த பலாப்பழத்தை அறுத்தாள். முதல் சுளையைக் கொட்டை எடுத்து அந்தோணியிடம் நீட்டினாள். அவர் வாங்கி, "நல்ல பழம். பண்ருட்டிலகூட இதுமாரி கெடைக்கறதில்ல" என்றார். ஈவா கையில் எண்ணெய் தடவிக்கொள்ளாமல் பலாவைத் தொட்டுவிட்டார். பால் ஒட்டி, விரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, அன்று மாலை முழுவதும் லேப்டாப் பக்கம் போக முடியவில்லை.

சென்னை அதிகாரி வந்த நாளும் புழுக்கம்தான். நல்லதாயிற்று, எங்களுக்கு வேண்டியது மோசமான மாலை. அவர் முன்சீட்டில் அமர்ந்தார். போனில் பேச சேவியர் பின்சீட்டில், ரீட்டா ஓ.டி.யில். ஒரு வருடம் பேசாததையெல்லாம் அக்காவும் தம்பியும் பேசினார்கள். நாங்கள் கேட்க வேண்டியிருக்கவே இல்லை. பாலம் வந்தது. திரையில் பழையாறு என்று எழுந்தது. ஈவா என் மணிக்கட்டைப் பிடித்தார். இறக்கத்தில் ஒரு சின்ன 'டக்'. பெயர் முட்லூர் என்று மாறியது. ரீட்டா கருவாட்டுக் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.

நான் வெற்றிக் களிப்பில் முன்னால் குனிந்தேன். அதிகாரி தூங்கிக்கொண்டிருந்தார்.

மறுபடி பாலம் ஏறினோம். இந்த முறை அந்தோணி அவருக்காக ஒரு ஹாரன் அடித்தார். அதிகாரி விழித்துப் பார்த்தார். 'டக்'. ஒரே ஒரு சொல் விழுங்கப்பட்டது, அழைப்பு அறுபடவில்லை. அதிகாரி காத்திருந்தார். பிறகு கேட்டார்: "எதைப் பார்க்கச் சொல்றீங்க? ஒண்ணுமே நடக்கலையே."

"ஆமாம் சார்" என்றேன். "அதுதான்."

ஈவாவுக்கு மொழிபெயர்த்தபோது, தன் வாழ்நாளில் கேட்ட மிகச் சிறந்த பாராட்டு அது என்றார். சோதனையை இன்னும் ஒரு வருடம், வேறு மாவட்டங்களிலும் நடத்தலாம் என்று அதிகாரி ஒப்புக்கொண்டார். ஒரே நேரத்தில் இருவரும் திருப்பி அழைத்தால் என்ன செய்வது என்று ஈவா அவரிடம் கேட்டார். அது உங்கள் திட்டத்தில் இல்லையே என்றார் அவர். இனிமேல் இருக்கிறது என்றார் ஈவா.

விமானத்துக்கு அந்தோணிதான் எங்களைச் சென்னைக்கு ஓட்டிக்கொண்டு போனார். புதுச்சேரி தாண்டி மரக்காணம் உப்பளங்கள் வெள்ளை வெள்ளையாக வந்தன. அவர் போன் அடித்தது. பெயரைப் பார்த்தார். வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, ஒரு மரத்தடிக்குப் போய்ப் பேச ஆரம்பித்தார். பேச்சு முடிகிற வழியாக இல்லை. நான் நேரத்தைப் பார்த்துப் பார்த்துத் தவித்தேன். ஒரு நிமிடம் தாமதமானாலும் மன்னிப்புக் கேட்கும் ஈவா, சாலையோரம் நுங்கு வாங்கி வந்து எனக்கும் ஒன்று கொடுத்துவிட்டு, "பேசட்டும்" என்றார்.

ஒருவழியாக அந்தோணி வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

"யாரு அண்ணா? ஏதாவது அவசரமா?" என்றேன்.

"சேவியருதான் மேடம்" என்றார், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே. "ஒண்ணுமில்ல. சும்மா கூப்ட்டான்."